படத்தை முழுதாகக் காட்டுங்கள்: திரையரங்கு முகாமையாளருக்கு ஒரு முறைப்பாடு

முகாமையாளர் அவர்களுக்கு,

விடயம்: யாழ்ப்பாண நகரத்தில் உள்ள உங்கள் அரங்கின் ஒலி, ஒளி, காட்சி முடிக்கும் விதம் பற்றிய முறைப்பாடு

வணக்கம்.

நான் உங்கள் அரங்குக்கு வழமையாக வருகிறவன். பேய்ப்படமோ, சூப்பர்ஹீரோ படமோ, குடும்பப் படமோ, எது வந்தாலும் முதல் கிழமைக்குள் பார்த்துவிட வேண்டும் எனக்கு. சில நாள் பொறுத்தால் போனிலேயே பார்க்கலாம் என்று நண்பர்கள் சொல்வார்கள். பெரிய திரையில், இருட்டில், முன்பின் தெரியாத சனத்தோடு சேர்ந்து பயப்படுவதும் சிரிப்பதும் போனில் கிடைக்காது. அதற்காகத்தான் ரிக்கெற் எடுக்கிறேன். அந்தக் காசுக்கு உங்கள் கொம்பனி தருவது அரைகுறைப் படம். உங்கள் ஊழியர்களிடம் நேரில் சொல்லிப் பார்த்தேன். "அது அப்பிடித்தான் அண்ணை, எல்லாரும் பாக்கினம்தானே" என்றார்கள். ஆகவே எழுத்தில் தருகிறேன்.

என்னை அதிகம் நோகடித்ததை முதலில் சொல்கிறேன். 2025 மே மாதம் வெளிவந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி'. பொருளாதார நெருக்கடியில் இலங்கையை விட்டுக் கடல் கடந்து, சென்னையில் அடையாளத்தை மறைத்து வாழப் பார்க்கிற ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. சசிகுமாரும் சிம்ரனும் நடித்தது. இயக்குநர் அபிஷன் ஜீவிந்துக்கு முதல் படம். அந்தக் கதையில் பேச்சுதான் ஆபத்து. வாயைத் திறந்தால் எந்த ஊர் என்று பிடிபட்டுவிடும். அவர்களைத் துரத்திய நெருக்கடியோ நாங்கள் 2022இல் பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்று பட்டது. இந்த ஊர்ச் சனம் அந்தப் படத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு வரும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் தமிழை எப்படிக் கதைக்கிறார்கள், எந்தச் சொல்லில் பிசகுகிறது, எந்த இடத்தில் அச்சொட்டாக வருகிறது என்று கேட்கத்தானே எல்லாரும் வந்தோம். அம்மாவையும் பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தேன்.

வசனம் விளங்கவில்லை. பாட்டும் பின்னணி இசையும் பக்கச் சுவர்களிலிருந்து நன்றாகவே வந்தன. ஆட்கள் கதைப்பது மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. "அவன் இப்ப என்ன சொன்னவன்?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தா. நான் அதைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வசனம் போய்விடும். முன்வரிசையில் ஒரு ஐயா இடைவேளையோடு எழும்பிப் போய்விட்டார்.

இதன் காரணம் உங்கள் தொழில்நுட்ப ஆட்களுக்குத் தெரியாமல் இருக்காது. படத்தின் வசனத்தில் பெரும்பகுதி திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கிற ஸ்பீக்கரிலிருந்துதான் வருகிறது. அதில் கீச்சொலிகளைத் தருகிற பகுதி பழுதானால் குரலின் முழக்கம் மட்டும் மிஞ்சும். சொல்லைச் சொல்லாக்குகிற மெய்யெழுத்துகள் தேய்ந்துவிடும். வேறு படங்களிலும் கவனித்தேன், இதே குறைதான். சண்டைப் படத்தில் ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை. குடும்பப் படத்தில் கதையே வசனத்தில்தான் இருக்கிறது.

அடுத்தது வெளிச்சம். பேய்ப்படம் இருட்டாக இருக்கும்தானே என்று ஒரு ஊழியர் என்னிடம் சொன்னார். இருட்டு வேறு, மங்கல் வேறு. 2024இல் வந்த மலையாளப் படம் 'பிரமயுகம்' முழுக்கக் கறுப்பு வெள்ளை. ஒரு பாழடைந்த மனை, கையளவு ஆட்கள், மம்முட்டியின் முகத்தில் விழுகிற கொஞ்ச வெளிச்சம், இவற்றை வைத்தே இராகுல் சதாசிவன் உயிரை உலுக்கிவிடுகிறார். கறுப்புக்குள் எத்தனை விதமான கறுப்பு! மூலையில் ஏதோ அசைந்ததா இல்லையா என்ற சந்தேகத்தில்தான் பயம் பிறக்கிறது. மூலையே தெரியாவிட்டால் எதற்குப் பயப்படுவது?

உங்கள் அரங்கில் கடைசியாகப் பார்த்த பேய்ப்படத்தில் மூலை தெரியவில்லை. முகங்கள்கூடச் சரியாகத் தெரியவில்லை. அதே கிழமை வேறொரு காட்சியில் 3டி படமும் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குச் சந்தேகம் வந்து, பையில் கிடந்த 3டி கண்ணாடியைப் போட்டு, ஒவ்வொரு கண்ணாக மூடித் திரையைப் பார்த்தேன். சாதாரண 2டி காட்சியென்றால் இரண்டு கண்ணுக்கும் ஒரேயளவு மங்கலாகத் தெரிய வேண்டும். எனக்கோ ஒரு கண்ணில் படம் தெரிந்தது, மற்றக் கண்ணில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அப்படியென்றால் 3டிக்காகப் புரொஜெக்டருக்கு முன்னால் பூட்டுகிற வடிகட்டியைக் கழற்றாமலே 2டி படத்தை ஓட்டியிருக்கிறார்கள். அந்த வடிகட்டி வெளிச்சத்தில் பாதிக்கு மேல் தின்றுவிடும். ஹொலிவுட் ஸ்டூடியோக்கள் சேர்ந்து வகுத்த டிஜிட்டல் சினிமாத் தரத்தின்படி திரையின் வெளிச்சம் 14 அடி-லம்பேர்ட், அதாவது சதுர மீற்றருக்கு 48 கண்டெலா இருக்க வேண்டும். உங்கள் திரையை அளக்கக் கருவி என்னிடம் இல்லை, உங்களிடம் இருக்க வேண்டும். தயவுசெய்து அளந்து பாருங்கள்.

அந்தப் படத்தில் ஒரு நீண்ட மௌனம் வருகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறோம். அப்போது போன் லைற்றைப் பிடித்தபடி உங்கள் கன்ரீன் பையன் வந்து ரோல்ஸ் யாருக்கு, கோப்பி யாருக்கு என்று கேட்கிறான். பிள்ளையில் பிழை இல்லை, அவனை அனுப்புகிறவர்களில்தான் பிழை. சாப்பாட்டை இடைவேளையில் விற்றால் போதாதா?

சூப்பர்ஹீரோ படங்களுக்கு நீங்கள் செய்வது வேறு அநியாயம். 2008இல் 'அயர்ன் மேன்' முடிந்து பெயர்கள் ஓடிய பிறகு நிக் ஃபியூரி வந்து நின்ற அந்தச் சின்னக் காட்சியிலிருந்து, மார்வெல் படங்களில் கடைசித் துண்டு கதையின் ஒரு பகுதியாகிவிட்டது. 2025இல் வந்த 'தண்டர்போல்ட்ஸ்' முடிவில் வருகிற துண்டு அடுத்த படமான 'பன்டாஸ்டிக் ஃபோரு'க்கே பாலம் போடுகிறது. பெயர்கள் ஓடத் தொடங்கியதும் உங்கள் ஆட்கள் லைற்றைப் போட்டு, கதவைத் திறந்து, விளக்குமாறோடு உள்ளே வந்துவிட்டார்கள். அக்காவின் மகன் "மாமா, இன்னும் முடியேல்லை, இன்னும் முடியேல்லை" என்று கதிரையை விட்டு எழும்ப மறுத்தான். அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே திரை அணைந்தது. அடுத்த காட்சிக்கு நேரம் போதாது என்றால் காட்சிகளை இடைவெளி விட்டுப் போடுங்கள். அந்தப் பெயர் வரிசையில் சென்னையிலும் மும்பையிலும் இருந்து கணினியில் வேலை செய்தவர்களின் பெயர்களும் வரும். அவற்றைத் தேடி வாசிப்பது எனக்கு விருப்பமான ஒன்று.

'லோகா' மாதிரி ஒரு படத்துக்கும் இதைத்தான் செய்வீர்களா என்று பயமாக இருக்கிறது. கள்ளியங்காட்டு நீலி என்ற பழைய யட்சிக் கதையை எடுத்து, கல்யாணி பிரியதர்ஷனை இன்றைய பெங்களூரில் நடமாடுகிற சூப்பர்ஹீரோவாக்கிய படம் அது. புளியமரத்து மோகினிக் கதைகளைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு அதைப் பார்க்க எவ்வளவு பெருமை! வௌவால் மனிதனும் சிலந்தி மனிதனும் வேண்டும்தான். எங்கள் அம்மம்மாமார் சொன்ன பேய்க்கும் ஒரு சிறகு முளைத்திருக்கிறதே. அந்தப் படமும் பெயர்கள் ஓடும்போது அடுத்த கதைக்கான வாசலைத் திறந்து வைக்கிறது.

இடைவேளை பற்றியும் ஒரு சொல். ஆங்கிலப் படத்தில் இடைவேளை கிடையாது என்பதால் நீங்களே ஓர் இடத்தில் நிறுத்துகிறீர்கள். நிறுத்துங்கள், ஆனால் ஒரு காட்சி முடிந்த பிறகு நிறுத்துங்கள். 2024இல் 'மெய்யழகன்' வெளியான சில நாட்களில் ஏறத்தாழ 18 நிமிடத்தைப் படக்குழுவே குறைத்தது. எனக்கு அதில் வருத்தம் இருந்தாலும் அது எடுத்தவர்களின் முடிவு. ஒரு வசனத்தின் நடுவில் படத்தை அறுக்கிற உரிமை தியேட்டருக்கு இல்லை.

ரீகல், விண்ட்சர், வெலிங்டன், றியோ என்று யாழ்ப்பாணத்தின் பழைய தியேட்டர்களை அப்பா இன்றைக்கும் வரிசையாகச் சொல்லுவார். தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாமல் கிடந்த காலத்தில் ரீவியையும் வீடியோ டெக்கையும் ஜெனரேற்றரையும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்து, விடிய விடியப் படம் பார்த்த ஊர் இது. அவ்வளவு மினக்கெட்டுப் படம் பார்த்த சனத்துக்கு இப்போது குளிரூட்டிய அரங்கும் நல்ல கதிரையும் இருக்கின்றன. அந்தக் காலத்து ரீவியிலேயே வசனம் விளங்கியது என்று அம்மா வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தா. அதைக் கேட்க எனக்கு ஆத்திரமாக வந்தது.

நான் கேட்பது இவைதான். நடு ஸ்பீக்கரைப் பழுது பார்க்க வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். 2டி காட்சி தொடங்குமுன் வடிகட்டி கழற்றப்பட்டதா என்று ஒருவர் பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும். கடைசிப் பெயர் ஓடி முடியும்வரை திரையை அணைக்கக்கூடாது. வெளியே போகிறவர்களுக்கு வழி தெரிகிற அளவு படிக்கட்டு விளக்கு போதும். படம் ஓடும்போது சாப்பாட்டு விற்பனை வேண்டாம். 'டூரிஸ்ட் ஃபேமிலி' காட்சிக்கும் அந்தப் பேய்ப்படக் காட்சிக்கும் நான் கட்டிய காசைத் திருப்பித் தர வேண்டும். ரிக்கெற்றுகளின் பிரதிகளை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இரண்டு கிழமைக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடுவேன். அது என் விருப்பம் இல்லை. ஸ்பீக்கரை மாற்றியதும் அறிவியுங்கள். ஒரு காலைக் காட்சிக்கு முன்னரே வந்து, பின்வரிசையிலும் ஓரக் கதிரையிலும் இருந்து வசனம் எப்படிக் கேட்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருவேன்.

இப்படிக்கு,
திருநெல்வேலி, யாழ்ப்பாணத்திலிருந்து
உங்கள் அரங்கின் நெடுநாள் வாடிக்கையாளர்