40,000 கோடி நட்சத்திரங்கள் இருந்தும் போக ஓர் இடமில்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் பெற்றோர் பலரிடமிருந்து வரும் புகார் ஒன்று உண்டு: "எந்நேரமும் அந்த விண்கப்பல் கேம்தான். அதில் ஜெயிப்பும் இல்லை, தோற்பும் இல்லை. எதற்கு விளையாடுகிறான் என்றே புரியவில்லை." விளையாடுகிறவர்களுக்கும் இதே குறைதான். முதல் வாரம் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். மூன்றாம் வாரம் "செய்ய ஒன்றுமில்லை, போரடிக்குது" என்று கணினியிலிருந்து அழித்துவிடுவார்கள்.

இரு தரப்பும் சொல்வது உண்மை. இந்த வகை கேம்கள் இலக்கு எதையும் கையில் தருவதில்லை. இலக்கை விளையாடுகிறவரே குறித்துக்கொள்ள வேண்டும். அதுவும் எல்லையும் திரும்பும் வழியும் உள்ள இலக்காக இருந்தால்தான் விளையாட்டு ருசிக்கும். அதை எப்படிச் செய்வது என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இவை இப்படி அமைந்ததற்குக் காரணம் பழையது. 1984-இல் டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் உருவாக்கிய 'எலீட்' கேம், 32 கிலோபைட் நினைவகம் கொண்ட பிபிசி மைக்ரோ கணினியில் ஓடியது. அதற்குள் வரைபடம் எதையும் சேமிக்க இடமில்லை. ஆகவே எட்டு விண்மீன் மண்டலங்களையும், ஒவ்வொன்றிலும் 256 கோள்களையும் ஒரு கணிதச் சூத்திரமே உற்பத்தி செய்தது. 2014 டிசம்பரில் வந்த அதன் வாரிசான 'எலீட் டேஞ்சரஸ்' பால்வெளி முழுவதையும், 40,000 கோடி நட்சத்திரத் தொகுதிகளோடு, பெரும்பாலும் அதே முறையில் கட்டியிருக்கிறது. 2016-இல் வந்த 'நோ மேன்ஸ் ஸ்கை'யில் கோள்களின் எண்ணிக்கை 2-இன் 64-ஆம் அடுக்கு, அதாவது 18,446,744,073,709,551,616. சூத்திரத்தால் இடங்களை எத்தனை வேண்டுமானாலும் படைக்க முடியும். அங்கே போவதற்கான காரணத்தை மட்டும் அதனால் படைக்க முடியாது.

புதியவர்கள் செய்யும் முதல் தவறு, தொடக்கத்திலேயே மிகத் தொலைவான இடத்தைக் குறிப்பது. எலீட் டேஞ்சரஸில் எல்லோருக்கும் பால்வெளியின் மையத்திலுள்ள கருந்துளையைப் பார்க்க ஆசை. அது பூமியிலிருந்து ஏறக்குறைய 25,900 ஒளியாண்டு. ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதுதான் ஜம்ப். ஒரு ஜம்ப்புக்கு 30 ஒளியாண்டு போகும் கப்பலில் 860 ஜம்ப்புக்கு மேல் ஆகும். ஜம்ப்புக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலே 14 மணி நேரத்துக்கு மேல் ஒரே காட்சி. பாதி வழியில் விட்டுவிட்டவர்கள்தான் அதிகம்.

அதற்குப் பதிலாக, நம்மிடமே தயாராக ஒரு பயணத் திட்டம் இருக்கிறது. பஞ்சாங்கத்தின் 27 நட்சத்திரங்கள்! அவற்றில் பிரகாசமானவை எல்லாம் அசல் வானியல் பட்டியல்களிலிருந்து இந்தக் கேமில் சேர்க்கப்பட்டவை. அருகில் இருப்பதிலிருந்து தொடங்கினால் வரிசை இப்படி வரும்: திருவோணம் என்னும் ஆல்டேர் சுமார் 17 ஒளியாண்டு, புனர்பூசத்தின் போலக்ஸ் 34, சுவாதி என்னும் ஆர்க்டூரஸ் 37, ரோகிணி என்னும் அல்டெபரான் 65, மகம் என்னும் ரெகுலஸ் 79, சித்திரை என்னும் ஸ்பைக்கா 250, கார்த்திகைக் கூட்டம் 440, கேட்டை என்னும் அன்டாரஸ் சுமார் 550. கடைசியில் திருவாதிரை என்னும் பீட்டல்ஜூஸ். அதன் தூரத்தைப் பற்றி வானியலாளர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருப்பதால் கேம் எந்தக் கணக்கை எடுத்திருக்கிறது என்று போய்ப் பார்ப்பதே ஒரு வேலை. ரோகிணிக்கு மூன்று ஜம்ப், கார்த்திகைக்குப் பதினைந்து. ஒரு மாலைக்கு ஒரு நட்சத்திரம் போதும்.

தைப்பூசத்தின் பூசத்தை இந்தப் பட்டியலில் காணோமே என்று பினாங்கு வாசகர்கள் கேட்கக்கூடும். கடக ராசியில் மங்கலான சில விண்மீன்கள்தான் அது. இந்த ஒன்பதையும் முடித்த பிறகு தேடிப் போகலாம்.

கப்பலுக்கு டயமண்ட்பேக் எக்ஸ்ப்ளோரர் போதும். விலை கேமுக்குள் சம்பாதிக்கும் பணத்தில் ஏறக்குறைய 19 லட்சம் கிரெடிட். உதிரிகளுக்கு ஏ முதல் இ வரை தரம் உண்டு. ஜம்ப் எஞ்சினை மட்டும் ஏ தரத்தில் வாங்குங்கள். சென்சார், உயிர்காப்புக் கருவி போன்றவற்றை டி தரத்தில் போடுங்கள். எடை மிகக் குறைந்த தரம் அதுதான். எடை குறையக் குறைய ஜம்ப் தூரம் கூடும். ஆயுதங்களைக் கழற்றிவிடலாம், ஆனால் ஷீல்டைக் கழற்றாதீர்கள். ஜம்ப் தூரம் கொஞ்சம் கூடுமே என்று கழற்றியவர்கள், தரையிறங்கும்போது லேசாக உரசினாலும் கப்பலின் உடல் தேய்வதைப் பார்த்திருப்பார்கள். கோள்களின் தரையை ஆராயும் ஸ்கேனர் ஒன்றும், பழுது பார்க்கும் கருவி ஒன்றும் அவசியம். தூரப் பயணத்துக்குப் பழுது பார்க்கும் கருவி இரண்டு வேண்டும். அது தன்னைத்தானே பழுது பார்த்துக்கொள்ளாது.

எரிபொருள்தான் பலரைக் கவிழ்த்த இடம். டேங்க்கின் கொள்ளளவு 32 டன். முழு தூர ஜம்ப் ஒன்றுக்கு 5 டன் வரை செலவாகும். ஆறே ஜம்ப்பில் காலி. ஃபியூல் ஸ்கூப் என்ற எரிபொருள் அள்ளும் கருவி இருந்தால் நட்சத்திரத்தின் ஓரமாகப் பறந்து இலவசமாக நிரப்பலாம், ஆனால் எல்லா நட்சத்திரத்திலும் முடியாது. நட்சத்திரங்களை வெப்பநிலைப்படி எழுத்துகளால் வகை பிரிப்பார்கள். அவற்றில் கே, ஜி, பி, எஃப், ஓ, ஏ, எம் ஆகிய ஏழு வகைகளில் மட்டுமே முடியும். எல், டி, ஒய் வகைப் பழுப்புக் குள்ளன்கள் என்னும் மங்கலான விண்பொருள்களில் ஒரு சொட்டுக்கூட வராது. அவை வரிசையாக நாலைந்து வந்துவிட்டால் நடுவானில் நிற்க வேண்டியதுதான். மேப்பில் இந்த ஏழு வகையை மட்டும் தேர்ந்தெடுத்து வழி போட்டால் இந்தச் சிக்கல் வராது. டேங்க் பாதிக்குக் கீழே போனால் அடுத்த நட்சத்திரத்திலேயே நிரப்பிவிடுங்கள். நிரப்பும்போது வெப்பமானியைக் கவனியுங்கள். 100 சதவீதத்தைத் தாண்டினால் உதிரிகள் பழுதாகத் தொடங்கும். மேலே சொன்ன ஒன்பதும் இந்த ஏழு வகைக்குள் அடங்கிவிடுவது நம் அதிர்ஷ்டம்.

அப்படியும் தீர்ந்துபோனால் பதற்றத்தில் எதையாவது முயன்று பார்க்காதீர்கள். மிச்சமுள்ள மூச்சுக்காற்றைக் காட்டும் பிராணவாயுக் கடிகாரம் ஓடத் தொடங்கியதும் உடனே முதன்மை மெனுவுக்கு வெளியேறிவிட வேண்டும். பிறகு 'ஃபியூல் ராட்ஸ்' என்ற விளையாட்டாளர் குழுவிடம் உதவி கேட்கலாம். 2015 முதல் அவர்களுக்கு இதுவே வேலை. யாரோ ஒருவர் மெனக்கெட்டுப் பறந்து வந்து எரிபொருள் ஊற்றிவிட்டுப் போவார், காசு கேட்கமாட்டார்.

நட்சத்திரத்தை அடைந்தபின் என்ன செய்வது? வேகத்தைப் பூஜ்யமாக்கி, ஸ்கேனர் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் அங்கே எத்தனை கோள்கள் என்று தெரியும். அடுத்து அலைவரிசைப் பட்டையில் குறியை நகர்த்தி ஒவ்வொன்றாக அடையாளம் காண வேண்டும். பாறைக் கோள், பனிக் கோள், வாயுக் கோள் ஒவ்வொன்றுக்கும் பட்டையில் தனி இடம். பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தில் நட்சத்திரத்தின் வகை, வெப்பநிலை, ஆரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு வானியல் நூல்களோடு ஒப்பிடுங்கள். சுவாதியின் மேற்பரப்பு சுமார் 4,300 கெல்வின். ஆரம் சூரியனைப்போல் ஏறக்குறைய 25 மடங்கு. கேம் அதற்கு எவ்வளவு அருகில் வருகிறது? எது அசல், எது சூத்திரத்தின் கற்பனை? கார்த்திகைக் கூட்டத்தில் மாயா என்ற விண்மீனுக்குப் பக்கத்தில் கேம் ஒரு கருந்துளையை வைத்திருக்கிறது. அசல் வானில் அப்படி ஒன்று அங்கே அறியப்படவில்லை. இப்படிப் பிரித்துப் பார்ப்பதில் கிடைக்கும் ருசி, ஆயிரம் கோள்களை வெறுமனே கடந்து போவதில் கிடைக்காது.

திரட்டிய தரவுகளை நிலையத்துக்குக் கொண்டுவந்து விற்றால்தான் பணம். வழியில் கப்பல் நொறுங்கினால் விற்காத தரவு முழுவதும் போச்சு. திரும்பும் வழியைத் திட்டத்தில் சேர்க்கச் சொல்வது இதற்காகத்தான். ஈர்ப்பு அதிகமான கோளில் மூக்கைக் கீழே குத்தி இறங்குவதும், நியூட்ரான் விண்மீனிலிருந்து பீய்ச்சும் கதிரைப் பழக்கமில்லாமல் நெருங்குவதும் கப்பலை இழக்கும் வழக்கமான வழிகள். இன்னொன்று: ஆல்ஃபா சென்டாரியில் உள்ள ஹட்டன் நிலையத்தில் அனகோண்டா கப்பல் இலவசம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நட்சத்திரத்திலிருந்து 0.22 ஒளியாண்டு நேர்கோட்டில் பறந்து போனாலும் அங்கே இலவசக் கப்பல் எதுவும் கிடைக்காது. புதியவர்களைச் சீண்டும் பழைய கேலி அது.

நோ மேன்ஸ் ஸ்கையில் குறை வேறு விதம். அங்கே கோள்கள் சேலைக் கடையில் விரித்துப் போட்ட சேலைகள் மாதிரி. இருபது பார்த்தபின் அதே கரை வேறு நிறத்தில் வருவது தெரிந்துவிடும். மேலும் மேலும் கோள் தாவினால் சலிப்புதான் வளரும். ஒரே கோளில் தங்கி அங்குள்ள விலங்கினங்கள் அனைத்தையும் பதிவு செய்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேனர் வழியே பார்த்தால் பதியாத விலங்கு சிவப்புப் புள்ளியாகவும் பதிந்தது பச்சையாகவும் தெரியும். முழுப் பட்டியலையும் முடித்துப் பதிவேற்றினால் நானைட் என்ற கேம் நாணயம் வெகுமதியாக உண்டு. கடைசி ஓர் இனம் மட்டும் கிடைக்காமல் இழுக்கும். காரணம் பெரும்பாலும் அது இரவில் மட்டும் உலாவும், அல்லது குகையிலோ கடலடியிலோ வானத்திலோ இருக்கும். பட்டியலில் அந்த இனத்தின் குறிப்பைப் படித்துவிட்டுத் தேடுங்கள்.

கட்டுவதில் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்குக் 'கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்' பொருந்தும். இணையம் இல்லாமலும் ஓடும். அதில் எல்லோரும் ராக்கெட்டை நேர் செங்குத்தாக 70 கிலோமீட்டருக்கு மேல் அனுப்பிவிட்டு, அது ஏன் திரும்பி விழுகிறது என்று கேட்பார்கள். சுற்றுப்பாதையில் நிற்க உயரம் மட்டும் போதாது, பக்கவாட்டில் விநாடிக்குச் சுமார் 2,300 மீட்டர் வேகம் வேண்டும். அந்தக் கேமின் கோளுக்குரிய 'மன்' (Mun) என்ற நிலவுக்குப் போய் இறங்கித் திரும்ப எவ்வளவு வேகமாற்றம் வேண்டும் என்று விநாடிக்கு மீட்டர் கணக்கில் கூட்டிப் பாருங்கள். ஏறுவதற்கு 3,400, பயணத்துக்கு 860, நிலவைச் சுற்ற 310, இறங்க 580, மீண்டும் எழ 580, வீடு திரும்ப 310: ஆக விநாடிக்கு 6,040 மீட்டர். இந்தக் கூட்டலைக் காகிதத்தில் போட்டபின் ராக்கெட் கட்டும் மாணவருக்கு, படிவம் நான்கின் இயற்பியல் புதிதாக இராது.

பெற்றோருக்கு ஒரு தகவல். எலீட் டேஞ்சரஸில் எந்த இடத்திலும் நிறுத்திவிட்டு எழலாம், ஆபத்தில் இருக்கும்போது மட்டும் 15 விநாடி காத்திருக்க வேண்டும். "இந்த ஜம்ப் முடியட்டும்மா" என்றால் அது ஒரு நிமிடம். "இந்தப் பயணம் முடியட்டும்" என்றால் சம்மதிக்காதீர்கள்.

பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு 5 பாகை வடக்கே இருப்பதால், முன்பு சொன்ன பஞ்சாங்க நட்சத்திரங்கள் ஒன்பதையும் பருவத்துக்கேற்ப இங்கிருந்தே பார்க்கலாம். சித்திரையும் சுவாதியும் மே மாத முன்னிரவில், கேட்டை ஜூலையில், ரோகிணியும் திருவாதிரையும் ஜனவரியில். ஜார்ஜ்டவுன் வெளிச்சத்திலும் இவை ஐந்தும் தெரியும். கார்த்திகைக் கூட்டத்துக்கு மட்டும் பாலிக் புலாவ் பக்கம் போவது நல்லது. துருவ நட்சத்திரம் நமக்கு அடிவானத்தை ஒட்டியே கிடப்பதால் எளிதில் கண்ணில் படாது. எலீட் டேஞ்சரஸிலும் அங்கே போக அனுமதி கிடைப்பதில்லை, இரண்டு இடத்திலும் நமக்குக் கொடுத்து வைக்கவில்லை!

தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் கேம்களின் விலையும் வெளியீட்டுத் தேதியும் வருகின்றன. அதோடு மாதம் ஒருமுறை, அன்றைய முன்னிரவு வானில் தெரியும் நட்சத்திரங்களின் அட்டவணை ஒன்றும் வெளியிட வேண்டுகிறோம். கேமின் தேடுபெட்டியில் தமிழில் தட்டினால் ஒன்றும் வராது என்பதால், பஞ்சாங்கப் பெயருக்கு அருகிலேயே ஆங்கிலப் பட்டியல் பெயரும் தூரமும் இருக்கட்டும். அடுத்த பள்ளி விடுமுறைக்கு ஒரு வாரம் முன்னதாக வந்தால் மாணவர்கள் கத்தரித்து வைத்துக்கொள்ள வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
விண்வெளி கேம் ஆர்வலர்கள் சிலர்,
பட்டர்வொர்த், பினாங்கு.