அண்ணிக்கு, ராக்கொடி விஷயமா

அண்ணி,

வாட்ஸ்அப்ல ரெண்டு டிக் விழுது, நீலமாக மாட்டேங்குது. அதான் இங்க எழுதுறேன். இத நம்ம சொந்தத்துல பாதிப் பேரு படிப்பாங்கன்னு தெரியும், அதனால சிலதத் தொட மாட்டேன், உங்களுக்குத் தெரியாததா என்ன.

வர்ற சனிக்கிழமை ஹால்ல பழைய நகை சேல். நீங்க இல்லாம ரெண்டாவது தடவை. இந்த வருஷம் பதினோரு பை வந்திருக்கு, எல்லாம் வழக்கமான சரக்குதான், ஒத்தைத் தோடு, அறுந்த செயின், பின்னு வளைஞ்சு போன ப்ரூச். சிக்கு விழுந்த ஒரு செயினுக்கு பேபி பவுடர் தூவி ரெண்டு குண்டூசிய வச்சு ஒண்ணேகால் மணி நேரம் உக்காந்தேன், போகப்போறது என்னவோ ரெண்டு பவுண்டுக்கு. அண்ணன் பாத்திருந்தா என்ன சொல்லியிருப்பாருன்னா... சரி வேணாம். முத்து மாலை ரெண்டு வந்துச்சு, பல்லுல உரசிப் பாத்தேன், ஒண்ணு வழவழன்னு இருந்துச்சு, இன்னொண்ணு மணலக் கடிச்ச மாதிரி நறநறன்னுச்சு, அசல் முத்து அண்ணி! உடனே உங்களக் கூப்பிட ஃபோனத் தேடுறேன், அப்புறம்தான் ஞாபகம் வருது. பட்டு நூல்ல ஒவ்வொரு முத்துக்கும் முடிச்சு போட்டு நானே கோத்துட்டேன். முடிச்சு உங்களோடது மாதிரி ஒட்டி உக்காரல.

அந்த ஞாயித்துக்கிழமைக்கு வர்றேன்.

நகை கழுவுற அல்ட்ராசோனிக் மெஷின் வாங்கின புதுசு, எனக்கு ஒரே பெருமை. கண்ணுல பட்டதையெல்லாம் அதுக்குள்ள போட்டுட்டு இருந்தேன். சேல் பையில அந்த ராக்கொடி கிடந்துச்சு, பின்னந்தலையில வைக்கிறது, நடுவுல அன்னம், சுத்தி சிவப்புக் கல்லு, இடுக்கெல்லாம் எண்ணெய் அழுக்கு. சுடுதண்ணி, பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டு சொட்டு, மூணு நிமிஷம். மூடியத் திறந்தா தண்ணி டிக்காஷன் நிறத்துல இருக்கு, அடியில கல்லெல்லாம் உதிர்ந்து கிடக்கு. உதிராம ஒட்டிட்டு இருந்ததும் உள்ள தண்ணி போயி கல்லுக்கு அடியில இருந்த ஃபாயில் கருத்து, செத்த கண்ணு மாதிரி ஆயிருச்சு.

நீங்க துணிக்கூடையோட உள்ள வந்தீங்க. கூடைய இறக்கி வச்சுட்டு டீ வடிகட்டிய எடுத்து தண்ணியக் கொட்டினீங்க. ஒவ்வொரு கல்லா எடுத்து டிஷ்யூ மேல வரிசையா வச்சீங்க. ஓரத்துச் சிவப்பு இருபத்தி மூணு, ஒண்ணு குறையுதுன்னீங்க. சிங்க் பைப்பக் கழட்டிப் பாக்கவான்னு கேட்டேன். "இருக்கட்டும் மக்களே" அப்படின்னுட்டு ரேடியேட்டர் மேல சாக்ஸ் காயப்போட போயிட்டீங்க. அவ்வளவுதான். கத்தியிருக்கலாம் அண்ணி. ரெண்டு போடு போட்டிருந்தாக்கூட நல்லாருந்திருக்கும்.

எவ்வளவு இருக்கணும்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு அப்ப எனக்குக் கேக்கத் தோணல. நாலு மாசம் கழிச்சு, நீங்க போனதுக்கப்புறம்தான், அது உங்க அப்பா கையால செஞ்சதுன்னு அம்மா வாயிலேருந்து வந்துச்சு.

மன்னிச்சிருங்க. ஆனா மார்க்கசைட் கல்ல தண்ணியில காட்டாத, வளையத்த இழுத்துப் பிரிக்காம பக்கவாட்டுல திருப்புன்னு ஆயிரம் சொல்லிக் குடுத்த நீங்க, அந்தச் சிவப்பு கெம்புக் கல்லு அரக்குல உக்காந்திருக்கு, சூடு பட்டா விட்டுரும்னு ஒரு தடவை சொல்லியிருக்கலாம்ல? டான்ஸ் க்ளாஸ் பிள்ளைங்க குடுத்த இமிடேஷன் செட்ட எல்லாம் அதே மெஷின்லதான் கழுவினேன், ஒண்ணுக்கும் ஒண்ணும் ஆகல. அப்புறம், அத சேல் பையில போட்டது யாரு? உடைஞ்ச வாட்ச் ஸ்ட்ராப்புக்கும் ப்ளாஸ்டிக் ரோஜா க்ளிப்புக்கும் நடுவுல? அந்த வீட்டுல எதுவுமே வேணாம்னு அப்பவே முடிவு பண்ணிட்டீங்க, எங்கிட்ட மட்டும் சொல்லல. கெடுத்தது நான்தான், இல்லன்னு சொல்லல, ஆனா அத முதல்ல விட்டது நீங்க.

ஜனவரில ஊருக்குப் போனப்ப நாகர்கோவிலுக்கும் போனேன். வடசேரில உங்க அப்பா பட்டறை பூட்டிக் கிடக்கு. நாலு வீடு தள்ளி ஒரு பெரியவர் ராக்கொடிய வாங்கிப் பாத்தாரு, திருப்பிக்கூடப் பாக்கல, இது யாரு கைன்னு பேரு சொல்லிட்டாரு. அடியில வெள்ளி, உள்ள அரக்கு, மேல தங்க ரேக்கு, இப்பல்லாம் செம்புலதான் கேக்குறாங்கன்னாரு. "இத தண்ணியில போட்டது யாரும்மா?"ன்னு கேட்டாரு. செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன், எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டேன். வாய் கூசாம சொன்னேன் அண்ணி. அவரு அரக்க இளக்கி, ஃபாயில் வச்சு, கல்ல வச்சு அமுக்கி அமுக்கி நாலு நாள்ல குடுத்தாரு. காணாமப் போன கல்லுக்கு புதுசு ஒண்ணு, அன்னத்தோட வாலுக்குப் பக்கத்துல. மத்ததவிட ஒரு பொட்டு சிவப்பு ஜாஸ்தி. வேற யாருக்கும் தெரியாது.

நீங்க விக்கத்தானே குடுத்தீங்க, அதனால விக்கப் போறேன். ரெண்டு மாசம் யோசிச்சுட்டேன். சீட்டு எழுத உக்காந்தேன். 7.78 கிராமுக்கு மேல இருந்தா ஹால்மார்க் இல்லாம வெள்ளின்னு சொல்லி விக்கக் கூடாது, பிரிட்டன்ல 1973 சட்டம், அதுவும் நீங்க சொல்லிக் குடுத்ததுதான். எத்தனை ஸ்பூன், எத்தனை ப்ரூச், ஹால்மார்க் முத்திரையில சிங்கம் இருக்கா நங்கூரம் இருக்கான்னு ரெண்டு பேரும் ஒரே லென்ஸுக்கு அடிச்சுக்கிட்டோம். உங்க அப்பா செஞ்சதுல சிங்கமும் இல்ல நங்கூரமும் இல்ல. "வெள்ளை உலோகம், தலையில வைக்கிற நகை" அப்படின்னு எழுதினேன். கிழிச்சுப் போட்டுட்டேன். வெறும் விலை மட்டும் போட்டிருக்கேன், நாப்பது பவுண்டு.

பத்து மணிக்குத் திறப்பாங்க. முதல் அரை மணி நேரத்துல டீலருங்க வந்து அள்ளிட்டுப் போயிருவாங்க, அவங்க கண்ணுல காட்ட மாட்டேன். பன்னெண்டு வரைக்கும் டேபிளுக்கு அடியில பிஸ்கட் டப்பாவுல இருக்கும், அப்புறம்தான் மேல எடுத்து வைப்பேன். யாராவது ப்ரூச்சான்னு கேப்பாங்க.

ஹாலுக்குப் பின்னாடி கிச்சன் வழியா ஒரு கதவு இருக்கு, தெரியும்ல. அண்ணன் அன்னிக்கு ஊர்ல இல்ல.