முறைப்பாட்டுக் கடிதம்: எங்கள் சாரதிகளின் ஓட்ட நேரப் பதிவுகளில் நேர்ந்த தவறுகள்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை முகாமையாளர்,
இலத்திரனியல் ஓட்ட நேரப் பதிவுக் கருவிப் பிரிவு

ஸ்காபரோ, 2025 மார்ச் 14

விடயம்: 9 பாரவூர்திகளில் பொருத்தப்பட்ட கருவிகள் தவறாக இயங்கியமையும், சாரதியின் சம்மதமின்றி அவருடைய பதிவு மாற்றப்பட்டமையும்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

ஸ்காபரோவில் 9 பாரவூர்திகளை வைத்துத் தொழில் செய்யும் நான், சாரதி வண்டி ஓட்டும் நேரத்தைத் தானாகப் பதியும் உங்கள் கருவிகளுக்காக, 2024 செப்டெம்பரில் உங்கள் நிறுவனத்துடன் 3 ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டேன். உங்கள் விற்பனைப் பிரதிநிதி எங்கள் முற்றத்துக்கே வந்து, கருவி இயங்கும் விதத்தைச் சாரதிகளுக்குத் தமிழில் விளக்கியதும், எந்தப் பிரச்சினை என்றாலும் தமிழிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று உறுதி கூறியதும் உங்களை நான் தெரிவு செய்ததற்கு முக்கிய காரணங்கள். அந்த உறுதியை நம்பியே இக்கடிதத்தையும் தமிழில் எழுதுகிறேன். இதற்கு முன் அனுப்பிய 3 மின்னஞ்சல்களுக்கும் ஒரு முறைப்பாட்டு இலக்கம் மட்டுமே பதிலாக வந்தது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கருவி வேண்டாம் என்று வாதிடுபவன் அல்ல நான். 2004இலிருந்து 11 ஆண்டுகள் நானே ஓட்டியவன். ஓட்ட நேரத்தைக் கையால் பதியும் கடதாசி லொக் புக்கில் கோடு கீறிய அந்தக் காலத்தில், உண்மைக்கு ஒன்று, அதிகாரிக்குக் காட்ட ஒன்று என 2 புத்தகங்கள் வைத்திருந்தவர்களையும், சரக்கு பிந்துகிறது என்று தொலைபேசியில் நெருக்கப்பட்டு, நித்திரை கண்ணைச் சொருகச் சொருக ஓட்டியவர்களையும் எனக்குத் தெரியும். 2018 ஏப்ரல் 6ஆம் திகதி சஸ்கச்சுவானில் ஹம்போல்ட் ஹொக்கி அணியினரின் பேருந்து ஒரு பாரவூர்தியுடன் மோதி 16 பேர் உயிரிழந்த பின்னர், அந்தப் பாரவூர்திச் சாரதியின் லொக் புக்கில் எத்தனை பிழைகள் இருந்தன என்பது விசாரணையில் வெளிவந்தபோது, இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரையும் போல நானும் வெட்கப்பட்டேன். அமெரிக்கா 2017 டிசம்பர் 18இல் இக்கருவியைக் கட்டாயமாக்கியது. கனடாவில் 2021 ஜூன் 12இல் விதி நடைமுறைக்கு வந்து, 2023 ஜனவரி 1இலிருந்து முழுமையாக அமுலாக்கப்பட்டது. சாரதியும் முதலாளியும் நினைத்தபடி திருத்த முடியாத ஒரு பதிவு வேண்டும் என்பதற்காகத்தான் இவையெல்லாம் வந்தன. அதனாலேயே உங்கள் கருவியும் உங்கள் ஊழியர்களும் செய்தவற்றை என்னால் சிறிய தொழில்நுட்பக் கோளாறு என்று விட்டுவிட முடியவில்லை.

பெப்ரவரி 2ஆம் வாரம், செவ்வாய்க்கிழமை அதிகாலை 4.30க்கு எங்கள் இளம் சாரதி ஒருவர் டென்னசி மாநிலம் நாஷ்வில்லுக்குச் சரக்குடன் புறப்பட்டார். கனடாவுக்குள் நன்றாக ஓடிப் பழகியவர் என்றாலும், எல்லை தாண்டி அவர் போன 2ஆவது பயணம் அதுதான். 401ஆம் இலக்க நெடுஞ்சாலை வழியாக வின்சர் சென்று, எல்லையிலுள்ள அம்பாசடர் பாலம் கடந்து, 75ஆம் இலக்க நெடுஞ்சாலையில் ஒஹாயோவைத் தாண்டினார். கனடிய விதியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் ஓட்டலாம். அமெரிக்க விதியில் 11 மணித்தியாலம் மட்டுமே. எல்லை கடந்தவுடன் அமெரிக்க விதிக்குக் கருவி தானாகவே மாறும் என்றும், கனடாவுக்குள் ஓடிய நேரத்தையும் அந்த 11 மணித்தியாலத்துக்குள் சேர்த்தே கணக்கிடும் என்றும் உங்கள் பிரதிநிதி எங்கள் முற்றத்தில் நின்று திரையைக் காட்டி விளக்கியிருந்தார். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை அது அப்படியே மாறவும் செய்தது. ஜனவரி இறுதியில் நீங்கள் அனுப்பிய மென்பொருள் மேம்படுத்தலுக்குப் பின்னர் அது நின்றுபோனது. எவரும் எங்களுக்கு அறிவிக்கவில்லை.

கென்டக்கியில் லூயிவில்லுக்குத் தெற்கே, 65ஆம் இலக்க நெடுஞ்சாலையில் உள்ள பாரம் நிறுக்கும் நிலையத்தில் அதிகாரி அவரை நிறுத்தியபோது, அவர் ஓட்டிய நேரம் 11 மணித்தியாலம் 37 நிமிடம். உங்கள் திரையோ இன்னும் 1 மணித்தியாலம் 23 நிமிடம் ஓட்டலாம் என்று பச்சை நிறத்தில் காட்டிக்கொண்டிருந்தது. எங்கள் அலுவலகக் கணினியிலும் அதே இலக்கம்தான் தெரிந்தது. அதனால் அவரை நிறுத்திப் படுக்கச் சொல்லவேண்டும் என்று எங்கள் ஒருங்கிணைப்பாளருக்கும் தோன்றவில்லை. 10 மணித்தியால ஓய்வு முடியும்வரை வண்டியை நகர்த்தக் கூடாது என்று அதிகாரி எழுதிக் கொடுத்தார். மறுநாள் காலை 6 மணிக்கு இறக்கவேண்டிய சரக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிந்தியதால், இறக்கும் முறை பிற்பகலுக்குத் தள்ளிப்போய், 350 அமெரிக்க டொலர் எங்கள் கட்டணத்தில் வெட்டப்பட்டது. அந்தப் பணத்தை விட எனக்கு வலிப்பது வேறு. அந்த மீறல் எங்கள் நிறுவனத்தின் அமெரிக்கப் பாதுகாப்பு மதிப்பீட்டில் 24 மாதங்களுக்கும், அந்தப் பிள்ளையின் பரிசோதனை வரலாற்றில் 3 ஆண்டுகளுக்கும் நிற்கும். அவர் நாளை வேறு நிறுவனத்தில் வேலை கேட்டுப் போனாலும் அது அவருக்கு முன்னே போய் நிற்கும். அமெரிக்க நேர வரம்பை அவருக்கு நாங்களும் இன்னும் நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கவேண்டும். அந்தப் பொறுப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் மாதந்தோறும் பணம் செலுத்தி நாங்கள் வாங்கியது, அந்த வரம்பை அவருக்கு நினைவூட்டும் கருவியைத்தான்.

இது பற்றிக் கேட்டபோது, சாரதியே அமைப்புகளுக்குள் சென்று விதியைக் கையால் மாற்றியிருக்கவேண்டும் என்று உங்கள் உதவிப் பிரிவு கூறியது. அப்படியானால் மேம்படுத்தலுக்கு முன் ஏன் தானாக மாறியது, அந்த மாற்றம் எந்த அறிவித்தலில் உள்ளது என்ற என் கேள்விகளுக்கு இன்றுவரை பதில் இல்லை. வேறு ஒன்றையும் கவனித்தேன். அமெரிக்காவில் கருவி வழங்குநர் தம் கருவி விதிக்கு இணங்குகிறது என்று தாமே உறுதிப்படுத்திப் பதிவு செய்யலாம். கனடாவிலோ அங்கீகாரம் பெற்ற மூன்றாம் தரப்பு நிறுவனம் சோதித்துச் சான்றளிக்கவேண்டும், அச்சான்று குறிப்பிட்ட மென்பொருள் பதிப்புக்கே பொருந்தும். இன்று எங்கள் திரைகளில் தெரியும் பதிப்பு இலக்கம், கனடாவின் போக்குவரத்து அமைச்சான ட்ரான்ஸ்போர்ட் கனடாவின் பட்டியலில் உங்கள் கருவிக்கு எதிரே உள்ள இலக்கத்துடன் பொருந்தவில்லை. இதற்குத் தகுந்த விளக்கம் இருந்தால் அதை எழுத்தில் தாருங்கள். இல்லையென்றால், சான்று பெறாத ஒரு பதிப்புடன் எங்கள் 9 வண்டிகளும் ஏழு வாரங்களாக வீதியில் ஓடுகின்றன என்றே நான் கொள்ளவேண்டியிருக்கும்.

இதைவிடப் பாரதூரமான சம்பவம் அடுத்த வாரம் நடந்தது. எங்களுடன் 19 ஆண்டுகளாக ஓடும் மூத்த சாரதி, சிக்காகோவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். மிச்சிகனில் கலமசூ தாண்டியதும் வண்டியில் பொருத்திய பெட்டிக்கும் கைத்திரைக்கும் இடையிலான புளூடூத் தொடர்பு அறுந்தது. பெட்டி தன் பாட்டில் பதிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் லான்சிங் வரை ஓடிய 1 மணித்தியாலம் 12 நிமிடமும் அவருடைய பெயரில் சேராமல், அடையாளம் தெரியாத சாரதியின் ஓட்டம் என்று தனியே கிடந்தது. அவர் ஓய்வு நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தி, அந்த நேரம் தன்னுடையது, தன் கணக்கில் சேர்க்கவேண்டும் என்று உங்கள் உதவிப் பிரிவை அழைத்துச் சொன்னார். நேர்மையான சாரதி செய்யவேண்டியதும் அதுதான். சில நிமிடங்களில், சரி செய்துவிட்டோம், இப்போது எல்லாம் பச்சையாக இருக்கிறது, நீங்கள் ஓடலாம் என்று பதில் வந்தது.

அன்றிரவு, அந்த நாளின் பதிவு உண்மையானது என்று உறுதிப்படுத்துவதற்காகத் திரையைத் திறந்தபோதுதான் என்ன நடந்தது என்று அவர் கண்டார். அந்த 1 மணித்தியாலம் 12 நிமிடமும் அவருடைய கணக்கில் ஓய்வாகக் காட்டப்பட்டிருந்தது. அடையாளம் தெரியாத ஓட்டத்துக்கு எதிரே, பழுதுபார்ப்பவர் வண்டியை நகர்த்தியது என்று ஒரு குறிப்பு எழுதப்பட்டிருந்தது. நெடுஞ்சாலையில், ஏற்றிய சரக்குடன், ஏறக்குறைய 120 கிலோமீற்றர் தூரத்துக்கு எந்தப் பழுதுபார்ப்பவர் வண்டியை நகர்த்துவார்? பதிவில் யாராவது மாற்றம் முன்மொழிந்தால் அது சாரதியின் திரைக்கு வந்து, அவர் ஏற்றாலன்றி நடைமுறைக்கு வரக் கூடாது. கருவி தானாகப் பதிந்த ஓட்ட நேரத்தை யாரும் குறைக்கவும் கூடாது. இவை அமெரிக்க விதியின் அடிப்படைகள். அவருடைய திரைக்கு எந்தக் கோரிக்கையும் வரவில்லை. அப்படியென்றால், விதி மூடி வைத்திருக்கும் ஒரு கதவை உங்கள் ஊழியர்கள் பின்புறமாகத் திறக்க முடிகிறது என்பதே பொருள்.

அவர் கையொப்பமிடவில்லை. “நான் ஓடின நேரத்தை ஓடேல்லை எண்டு எழுதி வைக்கச் சொல்லிறாங்கள் தம்பி, இதுக்கு நான் எப்படிக் கையெழுத்து வைக்கிறது” என்று இரவு 11 மணிக்கு என்னை அழைத்துக் கேட்டார். மறுநாள் அதிகாலை, அவர் நின்ற எல்லை நகரமான சார்னியாவுக்கு நான் சென்று, உண்மையான நேரங்களைக் கடதாசியில் அவரும் நானும் சேர்ந்து எழுதி, காரணத்தையும் குறித்து வைத்தோம். அவர் கவனிக்காமல் கையொப்பமிட்டிருந்தால், பொய்ப் பதிவு வைத்திருந்த குற்றம் அவர்மீதும் என்மீதும்தான் விழுந்திருக்கும். உங்கள் பெயர் அந்தப் பத்திரத்தில் எங்கேயும் இருந்திருக்காது. 19 ஆண்டுகளில் ஒரு மீறல்கூட இல்லாத மனிதர் அவர்.

தொடர்பு அறும் இப்பிரச்சினை 4 வண்டிகளில் உள்ளது. இயந்திர இணைப்புக் கோளாறு என்ற எச்சரிக்கையுடன் பெப்ரவரி தொடக்கத்தில் முறையிட்ட 2 வண்டிகளுக்கு மாற்றுக் கருவி வந்து சேர 19 நாட்கள் எடுத்தன. பழுதைச் சீர்செய்ய அமெரிக்க விதி எங்களுக்குத் தருவது 8 நாட்கள். கனடிய விதி தருவது 14 நாட்கள், அல்லது திட்டமிட்ட பயணம் முடிந்து வண்டி திரும்பும் வரை. 8 நாட்கள் முடிந்ததும் அந்த 2 வண்டிகளையும் அமெரிக்க ஓட்டத்திலிருந்து எடுத்துவிட்டேன். அதனால் இழந்த பயணங்களின் விபரத்தை இணைத்துள்ளேன்.

இந்நிலையில் நான் கோருபவை இவை. ஒரு வண்டிக்கு மாதம் 42 டொலர் வீதம் மீதமுள்ள 30 மாதங்களுக்கும் 11,340 டொலர் செலுத்தினால்தான் விலகலாம் என்று உங்கள் கணக்குப் பிரிவு கூறுகிறது. ஒப்பந்தத்தை முதலில் மீறியது நீங்கள். ஆகவே விலகல் கட்டணம் எதுவும் இன்றி என்னை விடுவிக்கவேண்டும். நாஷ்வில் பயணத்தில் வெட்டப்பட்ட 350 அமெரிக்க டொலரையும், 2 வண்டிகள் நின்ற நாட்களின் இழப்பையும் நட்டஈடாகத் தரவேண்டும். விதி மாறாமல் நின்றது கருவியின் கோளாறே என்று உங்கள் தொழில்நுட்பப் பிரிவு கையொப்பமிட்ட கடிதம் ஒன்று உடனடியாக வேண்டும். அமெரிக்கப் பதிவைத் திருத்தக் கோரும் டேட்டாக்யூஸ் விண்ணப்பத்துடன் அதை நான் இணைக்கவேண்டும், இளம் சாரதியின் பெயரில் உள்ள கறையைக் குறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அது. எங்கள் 9 வண்டிகளின் பதிவுகளில் செப்டெம்பர் முதல் உங்கள் ஊழியர்கள் செய்த மாற்றங்கள் அனைத்தையும், யார், எப்போது, எதை என்ற விபரத்துடனும் மூலப் பதிவுகளுடனும் தரவேண்டும். பதிவுகளை 6 மாதங்கள் பாதுகாக்கும் சட்டக் கடமை என்னுடையது. ஆகவே நான் விலகிய பின்னரும் அவற்றை நீங்கள் அழிக்கக் கூடாது, முழுப் பிரதியும் என் கைக்கு வரவேண்டும்.

இக்கோரிக்கைகளில் நான் முதலிடம் கொடுப்பது மாற்றங்களின் விபரத்துக்கே. மூத்த சாரதியின் பதிவில் நடந்தது ஒரு தடவை மட்டும்தானா, அல்லது அழைத்த ஒவ்வொரு முறையும் பச்சை நிறம் காட்டுவதற்காக இப்படித்தான் செய்யப்பட்டதா என்று எனக்குத் தெரியவேண்டும். என் சாரதிகள் கையொப்பமிட்ட பழைய பதிவுகளில் அவர்கள் அறியாத பொய் ஏதும் இருந்தால், அதைக் கண்டுபிடித்து அதிகாரிகளிடம் நானே முன்வந்து தெரிவிக்க விரும்புகிறேன்.

இக்கடிதம் கிடைத்து 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், ட்ரான்ஸ்போர்ட் கனடாவுக்கும், உங்கள் கருவிக்குச் சான்றளித்த நிறுவனத்துக்கும், அமெரிக்காவின் மத்திய மோட்டார் ஊர்திப் பாதுகாப்பு நிர்வாகத்துக்கும் இதே விபரங்களை ஆதாரங்களுடன் அனுப்புவேன். அமெரிக்கப் பட்டியலிலிருந்து ஒரு கருவி நீக்கப்பட்டால், அதைப் பாவிக்கும் எல்லோரும் 60 நாட்களுக்குள் வேறு கருவிக்கு மாறவேண்டும் என்பதையும், உங்கள் வாடிக்கையாளர்களில் பலர் என்னைப் போலச் சிறு தொழில் செய்யும் தமிழர்கள் என்பதையும் அறிந்தே இதை எழுதுகிறேன்.

கென்டக்கி அதிகாரி வழங்கிய பரிசோதனை அறிக்கை, 2 திரைகளின் ஒளிப்படங்கள், சார்னியாவில் எழுதிய கடதாசிப் பதிவு, தடைப்பட்ட பயணங்களின் விபரம் ஆகியவற்றின் பிரதிகள் இத்துடன் உள்ளன. எங்கள் வண்டிகளின் பதிவுகளில் இன்று முதல் உங்கள் ஊழியர் எவரும் எந்தக் காரணத்துக்காகவும் கைவைக்கக் கூடாது. சாரதிகளுக்கும் அப்படியே அறிவித்துள்ளேன். தொடர்பு அறுந்தால் அவர்கள் இனி உங்களை அழைக்கமாட்டார்கள், வண்டியை நிறுத்திக் கடதாசியில் எழுதிவிட்டு என்னை அழைப்பார்கள்.

இப்படிக்கு,
உரிமையாளர்,
9 பாரவூர்திகளின் ஒப்பந்த வாடிக்கையாளர்,
ஸ்காபரோ, ஒன்ராறியோ