எது எத்தனை என்று ஒரு வருடம் முன்பே சொல்லுங்கள்

விமான உதிரிபாகக் கொள்முதலைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கமுங்க. கோவை கணபதியில் சின்னதாக ஒரு சிஎன்சி பட்டறை நடத்துகிறேன். போன வாரம் உங்கள் கொட்டேஷன் கேட்பு வந்தது. கைவிரலில் எண்ணிவிடக்கூடிய புஷ்கள் (தண்டைச் சுற்றி உட்காரும் சின்ன உலோக வளையங்கள்), மேலே சிவப்பில் "மிக அவசரம்". போன ஆடியிலும் இதே புஷ், இதே சிவப்பு.

அந்தப் புஷ்ஷுக்கான உலோகத்தை யாரும் அரை அடி வெட்டித் தருவதில்லை. சான்றிதழோடு வேண்டுமென்றால் முழு பாராகத்தான், அதாவது முழு நீளக் கம்பியாகத்தான், வாங்க வேண்டும். புஷ் வெட்டியதுபோக மிச்சம் ரேக்கில் கிடக்கும். எந்த உருக்கில் வந்த உலோகம் என்று காட்டும் ஹீட் நம்பர் அழியாமல் அதைக் காபந்து பண்ண வேண்டும். அடுத்த ஆர்டர் வருமா, தெரியாது. வங்கி வட்டி மட்டும் தேதி தவறாது. அடுத்த முறை வேறொருவர் எல்-1 (குறைந்த விலை சொன்னவர்) ஆனால் அவரும் ஒரு முழு பார் வாங்குவார். கணபதியில் எத்தனை ரேக்குகளில் உங்கள் பார் தூங்குகிறதோ!

பி.எஸ்சி. கணிதம் படித்துவிட்டு லேத்துக்கு வந்தவன் நான். அமெரிக்க விமானப்படைக்காக கிரெய்க் ஷெர்புரூக் 1968-இல் வெளியிட்ட 'மெட்ரிக்' முறை உங்களுக்குத் தெரியாததல்ல. இருக்கிற பணத்தில் எந்தப் பாகத்தை விமானத் தளத்தில் வைப்பது, எதை டிப்போவில் (மையக் கிடங்கில்) வைப்பது, எங்கே ஒன்று கூட்டினால் பற்றாக்குறை அதிகம் குறையும் என்று பார்க்கிற கணக்கு அது. பழுது பார்க்க எத்தனை நாள் என்ற எண் இல்லாமல் அது நகராது. ஒரு புஷ்ஷுக்காக ஹைட்ராலிக் பம்ப் பழுதுபார்க்கும் மேசையிலேயே காத்திருந்தால் அந்த எண் நீளும். நீண்டால், இன்னும் நாலு பம்ப் வாங்கி வை என்று கணக்கு சொல்லும். கணக்கில் பிழை இல்லைங்க, அதற்குக் கொடுத்த நாட்களில்தான் பிழை.

அதனால் கேட்பது ஒன்றுதான். வரும் ஆண்டில் எது எத்தனை வேண்டியிருக்கும் என்று ஓர் உத்தேசப் பட்டியலை முன்கூட்டியே கொடுங்கள். பத்து என்று சொல்லி ஏழு வாங்கினாலும் சரி. ரகசியம் என்றால் எந்த விமானத்துக்கு என்று சொல்ல வேண்டாம், உலோகமும் அளவும் போதும்.

2018-இல் தேஜஸ் போர் விமானம் சூலூர் விமானப்படைத் தளத்துக்கு வந்ததிலிருந்து எங்களுக்கும் பெருமைதான். பாதுகாப்புத் தொழில் பெருவழித்தடத்தில் கோவை, சேலம், ஓசூர் மூன்றும் இருப்பதை மேடைக்கு மேடை சொல்கிறார்கள். அந்த மேடைகளில் போர்த்தும் பொன்னாடைக்கு யாரும் "மிக அவசரம்" என்று கொட்டேஷன் கேட்டு நான் பார்த்ததில்லை. எத்தனை வேண்டும் என்று முன்பே எண்ணி வாங்கி வைத்துவிடுகிறார்கள்.

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பட்டியலை மட்டும் தயவுசெய்து கொடுங்கள்.

இப்போதைய கேட்புக்கு விலை அனுப்பிவிட்டேன். முழு பாரின் விலையும் அதில் சேர்ந்திருக்கிறது.

இப்படிக்கு,
கணபதி பட்டறைக்காரன்