மின்கோபுர ஆணைகளில் கையெழுத்திடும் ஆட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கொங்கு மண்டல மாவட்ட ஆட்சியர்களுக்கு, வணக்கம்.

கோவை முதல் கிருஷ்ணகிரி வரை எங்கள் காடு தோட்டங்களில் உயர்மின் கோபுரங்கள் நிற்கின்றன. இன்னும் வரத்தான் போகின்றன. மின்சாரம் ஊர் போய்ச் சேரக் கம்பி வேண்டும் என்பது எங்களுக்கும் தெரியும். எங்கள் மோட்டாரும் அதில்தான் ஓடுகிறது. நான் எழுதுவது, எங்கள் நிலத்துக்குள் நுழைந்து வேலை செய்ய மின் நிறுவனத்தை அனுமதித்து நீங்கள் கையெழுத்திடும் நுழைவு அனுமதி ஆணையைப் பற்றி.

2003 மின்சாரச் சட்டத்தின் 164ஆவது பிரிவின்படி, 1885 தந்திச் சட்டத்தில் உள்ள அதிகாரங்களை மின் நிறுவனங்களுக்கு அரசு வழங்கலாம். அது கையில் இருந்தால் நிலத்துக்காரரின் சம்மதம் தேவையில்லை என்று, மத்திய அரசின் மின்தட நிறுவனமான பவர்கிரிட்டுக்கும் செஞ்சுரி டெக்ஸ்டைல்ஸுக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 2023 தொலைத்தொடர்புச் சட்டம் பழைய தந்திச் சட்டத்தை நீக்கியபோதுகூட, மின்தடங்களுக்காக அதன் மூன்றாம் பகுதியை விட்டுவைத்தார்கள்.

சரி, விவசாயி எங்கே போய்ப் பேசுவது? அவர் மறுத்தால், தந்திச் சட்டத்தின் 16(1) பிரிவின்படி நிறுவனம் மாவட்ட நடுவரான உங்களிடம்தான் வர வேண்டும். அனுமதிப்பதா வேண்டாமா என்பதைச் சட்டம் உங்கள் முடிவுக்கு விட்டிருக்கிறது. நீங்கள் ஆணையிட்ட பிறகு தடுத்தால் குற்றம். அப்புறம் அந்தச் சட்டத்தில் பெரும்பாலும் மிஞ்சுவது, இழப்பீடு போதவில்லை என்று மாவட்ட நீதிபதியிடம் போவதுதான். உயர் நீதிமன்றம்வரை போக வசதியில்லாதவருக்கு, தடம் எங்கே போக வேண்டும் என்று பேச உங்கள் விசாரணையை விட்டால் வேறு இடமில்லை.

அந்த விசாரணை எப்படி நடக்கிறது? எங்கள் பகுதியில் ஒருமுறை எல்லோரையும் ஒன்றாக நிற்க வைத்து, ஆட்சேபணை மனுக்களை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். வந்த ஆணைகளில் எல்லோருக்கும் ஒரே வாசகம், சர்வே எண் மட்டும் வேறு. கோபுரக் கால் தன் கிணற்றை ஒட்டி வருகிறது என்று ஒருவர் கையாலேயே படம் வரைந்து கொடுத்திருந்தார். ஆணையில் அந்தக் கிணற்றைப் பற்றி ஒரு வரி இல்லை.

"நிலம் உங்கள் பேரில்தானே இருக்கிறது" என்பார்கள். உண்மைதான், சட்டப்படி மின் நிறுவனங்கள் பெறுவது பயன்பாட்டு உரிமை மட்டுமே. ஆனால் 400 கிலோவோல்ட் தடத்துக்கு 46 மீட்டர் அகலம் விட வேண்டும். அது ஒரு தோட்டத்தில் 100 மீட்டர் ஓடினாலே ஒரு ஏக்கருக்கு மேல். அதில் தென்னை வைக்க முடியாது, வீடு கட்ட முடியாது. அடமானம் வைக்கப் போனால் பாங்க் மேனேஜர் யோசிக்கிறார். பாகம் பிரிக்கும்போது அந்தப் பக்கத்தை எந்த மகனும் கேட்பதில்லை.

மத்திய மின்துறையின் 2015 நெறிமுறை, கோபுர அடிநிலத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதமும் கம்பிக்குக் கீழுள்ள நிலத்துக்கு அதிகபட்சம் 15 சதவீதமும் தரச் சொன்னது. 2024 ஜூனில் அவை 200, 30 என்று உயர்ந்தன. மாநிலங்கள் ஏற்றுக்கொள்ளலாம், மாற்றியும் கொள்ளலாம். ஆனால் எந்த விலையில் 30 சதவீதம்? பத்திரப்பதிவுக்கு அரசு வைக்கும் வழிகாட்டி மதிப்பு ஒன்று, ஊரில் நடக்கிற கிரயம் இன்னொன்று. இந்த மதிப்பைக் கணக்கிட்டுச் சொல்வதும் உங்கள் அலுவலகம்தான்.

புகளூர் – திருச்சூர் 320 கிலோவோல்ட் தடம் எங்கள் பக்கம் கோபுரத்தில் போகிறது. கேரளத்தில் அதன் கடைசிப் பகுதி நிலத்தடிக் கேபிளாகப் போகிறது. 2018 டிசம்பரில் நம் விவசாயிகள் போராடிக் கேட்டதும் அந்தக் கேபிளைத்தான். சத்தீஸ்கரிலிருந்து வரும் ராய்கர் – புகளூர் 800 கிலோவோல்ட் போன்ற தடத்தைப் புதைப்பது லேசான காரியமல்ல என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாத் தடத்துக்கும் அதே பதிலைச் சொல்ல விடாதீர்கள்.

கையெழுத்திடும் முன் நீங்களோ கோட்டாட்சியரோ அந்த இடத்தை ஒருமுறை நேரில் வந்து பாருங்கள். ஒவ்வொரு ஆட்சேபணைக்கும் தனித்தனியாக, தமிழில் பதில் எழுதுங்கள். அஸ்திவாரக் குழி தோண்டும் முன் இழப்பீட்டுத் தொகையை எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். கோபுரத்தைக் கிணற்றை விட்டு வரப்போரமாகக் கொஞ்சம் தள்ளிப் போட முடியுமா என்று கேட்கிறோம். முடியாது என்கிற பொறியாளரிடம் காரணத்தை எழுதி வாங்குங்கள். முடிந்தவரை குறைந்த சேதம் என்று தந்திச் சட்டத்தின் 10ஆவது பிரிவே சொல்கிறது.

இப்படிக்கு,
கம்பிக்குக் கீழே தோட்டம் வைத்திருக்கும் ஒரு விவசாயி