அம்மாவுக்கு, மெல்போர்னிலிருந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

"அங்கே வந்து நாங்கள் என்ன பார்க்கப் போகிறோம், உன் வீட்டு நாலு சுவரைத்தானே" என்று போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறாயே, அதற்குப் பதில் கிடைத்துவிட்டது. லீவு சேர்ந்து வந்ததால் ஆபீஸ் நண்பர்களோடு வில்சன்ஸ் ப்ரொமொன்டரி போய்வந்தேன். காரில் மூன்று மணி நேரம். ஆஸ்திரேலியப் பெருநிலத்தின் தென்கோடி அது, அதற்கப்புறம் கடல்தான், கடலைத் தாண்டினால் டாஸ்மேனியா. 1898லேயே தேசியப் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடம்.

நமக்கு மான் பார்க்க கிண்டி, கடல் பார்க்க பெசன்ட் நகர், நடுவில் அடையாறு டிராபிக். இங்கே மலை, காடு, கடல் எல்லாம் ஒரே இடத்தில். ஸ்க்வீக்கி பீச் என்று ஒன்று இருக்கிறது, செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தால் மணல் கீச் கீச்சென்று சத்தம் போடுகிறது. குவார்ட்ஸ் மணல், துகளெல்லாம் உருண்டையாக இருப்பதால் ஒன்றோடொன்று உரசி வருகிற சத்தமாம். ஈரத்தில் வராது. காய்ந்த மணலாகப் பார்த்து குதிகாலைத் தேய்த்துத் தேய்த்து நான் நடக்க, யாரோ ஒரு குழந்தையும் பின்னாலேயே அதையே செய்துகொண்டு வந்தது. சுண்டல், பஜ்ஜி, பலூன் சுடுவது ஒன்றும் கிடையாது. கொண்டுபோன புளியோதரைப் பொட்டலத்தின் குப்பையைக்கூட காரிலேயே திரும்பக் கொண்டுவந்தோம். அப்பாவுக்கு இது ரொம்பப் பிடிக்கும். எனக்கு மாங்காய் பத்தையாவது இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

டைடல் ரிவர் என்கிற ஆற்றில் தண்ணீர் டிக்காஷன் நிறத்தில் ஓடுகிறது. அழுக்கு இல்லை, மரத்தின் இலை, பட்டையிலிருந்து இறங்குகிற சாயம். பக்கத்துப் பள்ளத்தாக்கில் லில்லி பில்லி என்று ஒரு மரம், நம் நாவல் மரத்துக்குச் சொந்தக்காரன், ஒரே பேரினம்.

சாயங்காலம் வெளிச்சம் குறைந்ததும் வாம்பட் வந்தது. குட்டையான கால், குண்டு உடம்பு, பழுப்பு ரோமம். ஆளைச் சட்டையே செய்யாமல் புல்லைக் கரக் கரக்கென்று கடித்து இழுத்துத் தின்கிறது, அந்தச் சத்தம் நான் நின்ற இடம்வரை கேட்டது. வளை தோண்டும் பிராணி என்பதால், மண் குட்டிமேல் விழாதபடி, கங்காருவுக்கு இருப்பதுபோல குட்டியைச் சுமக்கிற அதன் வயிற்றுப் பை பின்பக்கமாகத் திறக்குமாம். அதோடு அது போடுகிற புழுக்கை சதுரக் கட்டியாக இருக்கிறது! அப்பாவிடம் சொல், நம்பமாட்டார், போட்டோ அனுப்புகிறேன். நீ காக்காய்க்குச் சோறு வைப்பதுபோல இங்கே எதற்கும் எதுவும் போடக்கூடாது, அதை மட்டும் இப்போதே மனசில் வைத்துக்கொள். சிவப்பும் நீலமுமாக ஒரு கிளி சாப்பாட்டு மேஜைக்கே வந்து உட்காரும், உனக்குக் கை சும்மா இருக்காது.

மவுண்ட் ஓபரான் 558 மீட்டர், உன் முட்டிக்கு வேண்டாம். அப்பா வேண்டுமானால் ஏறட்டும், நாம் கீழே கடற்கரையில் இருக்கலாம், கார் நிறுத்துகிற இடத்திலிருந்து கொஞ்ச தூரம்தான்.

டிசம்பரில் ஸ்கூல் லீவு, அங்கே தங்க ரூம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அப்பாவும் மார்கழிக் கச்சேரியை விட்டு வரமாட்டார். அதனால் மார்ச்சில் வாருங்கள், வெயிலும் தணிந்திருக்கும். நல்ல ஷூ ஒன்று வாங்கிக்கொள், செருப்போடு விமானம் ஏறாதே. அப்பா பாஸ்போர்ட் எந்த மாதம் முடிகிறது என்று பார்த்துச் சொல், விசா வேலையை ஆரம்பிக்கிறேன்.

அன்புடன்,
கார்த்தி