படகில் ஆயுதம் ஏற்ற வேண்டாம்

பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் கரைகளின் விசைப்படகு, நாட்டுப்படகுச் சங்க நிர்வாகிகளுக்கும் கடலுக்குப் போகும் தம்பிமாருக்கும் வணக்கம்.

போன வாரம் டீக்கடையில் இளவட்டங்கள் இலங்கை ரோந்துப் படகுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். "இன்னும் எத்தனை நாளைக்கு அடி வாங்குறது? படகுக்கு நாலு அரிவாள் இருந்தா கிட்ட வரப் பயப்படுவான்" என்றான் ஒருவன். மற்றவர்கள் தலையாட்டினார்கள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இருபத்தாறு வருஷம் டிரைவராகப் படகு ஓட்டியவன் நான். என் படகில் எப்போதும் கத்தி உண்டு. எஞ்சின் விசிறியில் கயிறு சுற்றிக்கொண்டால் தண்ணீரில் குதித்து அறுக்க வேண்டும், கத்தி இல்லாமல் கடலுக்குப் போகவே கூடாது. நீங்கள் கேட்பது அந்தக் கத்தியை இல்லை, ஆள் மேல் ஓங்குவதற்கு ஒன்றை.

ஒரு ராத்திரி ரோந்துப் படகு ஒன்று எங்களை மடக்கியது. கண் கூசும் விளக்கு. ஐந்து பேரும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றோம். மீனை அள்ளிக்கொண்டார்கள், வலையை அறுத்தார்கள், என் முதுகில் ஒரு உதை விழுந்தது. பல நாள் சோறு இறங்கவில்லை, அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் ஐந்து பேரும் கரை சேர்ந்தோம். துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நின்றவனும் சின்னப் பையன்தான். அதட்டும்போதே அவன் குரல் நடுங்கியது. எங்களில் ஒருவன் கையில் அரிவாள் மின்னியிருந்தால் அவன் சுட்டிருப்பான்.

2012 பிப்ரவரி 15 நினைவிருக்கிறதா? கேரளக் கடலில் எனரிக்கா லெக்சி என்ற இத்தாலிக் கப்பலில் இருந்த வீரர்கள் சுட்டு, செயின்ட் ஆண்டனி படகின் மீனவர்கள் இரண்டு பேர் இறந்தார்கள். கடற்கொள்ளையர் என்று நினைத்ததாகச் சொன்னார்கள். அவர்கள் துப்பாக்கி வைத்திருந்ததும் தற்காப்புக்குத்தான். அதே வருஷம் ஜூலை 16 அன்று துபாய் ஜெபல் அலி அருகே அமெரிக்கக் கடற்படைக் கப்பலிலிருந்து சுட்டதில் இறந்த மீனவர் நம் பெரியபட்டினத்துக்காரர். இவர்கள் யாரும் ஆயுதம் ஏந்திப் போகவில்லை. வெறும் சந்தேகமே உயிரைக் குடிக்கும்போது, நிஜமாகவே அரிவாள் இருந்தால் என்ன ஆகும்?

இன்னொரு பயமும் எனக்கு இருக்கிறது, இது கரையைப் பற்றியது. கடலுக்கென்று வாங்கிய அரிவாள் கடலிலேயே இருக்காது. விசைப்படகுகள் கரையை ஒட்டி மீன் பிடிக்கக் கூடாது என்று 1983-ஆம் வருஷச் சட்டம் சொல்கிறது. அதை மீறி உள்ளே வந்து நாட்டுப்படகுக்காரரின் நண்டு வலையை இழுத்துக்கொண்டு போனால் என்ன சண்டை நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இப்போது வாய்ச்சண்டை, மிஞ்சினால் கைகலப்பு. மறுநாள் அதே மண்டியில் மீன் கொடுத்துவிட்டுப் பேசிக்கொள்கிறோம். ரெண்டு பக்கமும் அரிவாள் இருந்தால் மறுநாள் பேச ஆள் இருக்காது. செத்தவனும் வெட்டியவனும் நம் பிள்ளைகளாகவே இருப்பார்கள்.

தற்காப்பு உரிமை சட்டத்தில் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் தேவைக்கு மேல் ஒரு வெட்டு விழுந்தாலும் அந்த உரிமை உங்களைக் காப்பாற்றாது.

சரி, பிறகு என்னதான் செய்வது? தனிப் படகாகப் போகாதீர்கள். படகிலிருந்து பேசும் விஎச்எஃப் ரேடியோ வேலை செய்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள். கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093, இந்த ரெண்டு எண்ணையும் படகில் பெயின்டால் எழுதி வையுங்கள்.

சங்கத் தலைவர்களே, ஜூன் 14-இல் மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. அதற்குள் கூட்டம் போட்டு, படகில் ஆயுதம் ஏற்றுவதில்லை என்று தீர்மானம் எழுதுங்கள். நான் வருகிறேன், அந்த டீக்கடைப் பையன்களையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.